இருபது கூட்டல் பத்து பெருக்கல் மூன்று

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஊசி. ஒல்லி உடம்பு, நீண்ட மூக்கு, வாயைத் திறந்தால் குத்து. பெயர் வைத்தவன் அதிகம் யோசித்திருக்க மாட்டான். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ஊசி என்றார்கள், முன்னால் மேடம் என்றார்கள். முகத்துக்கு நேராகவே "ஊசிம்மா" என்று கூப்பிடும் தைரியம் ஒரே ஓர் ஆளுக்குத்தான் இருந்தது. இயந்திரங்களைப் பூட்டி ஓட்டிப் பார்க்கும் பிட்டர். அவரிடம் மட்டும் அவள் சீறியதில்லை.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி துவைக்கும் ராட்சச இயந்திரங்கள் செய்கிற நிறுவனம் அது. ஒரு தடவைக்கு ஐம்பது கிலோ துணியை விழுங்கும் எஃகு வயிறுகள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பலகை, பலகையில் கட்டைவிரல் நகமளவு ஒரு சில்லு. எப்போது தண்ணீர் விடுவது, எப்போது சுற்றுவது, எப்போது கதவுப் பூட்டை விடுவிப்பது என்பதெல்லாம் அந்தச் சில்லுக்குள் இருக்கும் நிரலின் பொறுப்பு. அதைப் பதினான்கு வருடமாக எழுதிவந்தவள் ஊசி.

சில்லுக்கு எண்களைத் தவிர வேறு பாஷை தெரியாது. மனிதர்கள் சுருக்கச் சொற்களில் எழுதுவதை அந்த எண்களாக மாற்றிக் கொடுக்கும் நிரலுக்கு அசெம்பிளர் என்று பெயர். சில்லு செய்த நிறுவனமே ஓர் அசெம்பிளரைக் கொடுத்திருந்தது. ஊரெல்லாம் அதைத்தான் பயன்படுத்தியது. ஊசி பயன்படுத்தவில்லை. காரணம் எளிது. சில்லுக்குள் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு எண்களுக்குத்தான் இடம். சில்லு நிறுவனத்து அசெம்பிளரில் அவள் நிரல் பதினோரு எண் அதிகமாகி, அடங்காமல் நின்றது. ஒரு மாதம் வெட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இணையத்தைத் துழாவியபோது, எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு தனி ஆள் தன் வீட்டில் உட்கார்ந்து எழுதி இலவசமாகப் போட்டுவைத்திருந்த ஓர் அசெம்பிளர் அகப்பட்டது. உலகம் முழுக்கச் சேர்த்தாலும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு பேருந்தை நிரப்ப மாட்டார்கள். அதே நிரலை அது நாற்பது எண் மிச்சம் வைத்து அடக்கிக் கொடுத்தது. அன்றிலிருந்து பத்து வருடமாக அவள் வேறு எதையும் தொட்டதில்லை. அலுவலகத்தில் அதற்கு 'அநாதை' என்று பெயர். கேட்பாரில்லை, கம்பெனி இல்லை, கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லை.

அநாதைக்கு ஒரு குணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் பெருக்கலை முதலில் செய், கூட்டலைப் பிறகு செய் என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அந்தச் சட்டம் அதற்குக் கிடையாது. இடமிருந்து வலமாக, எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் போய்க்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் அவள் திடுக்கிட்டு, இது பிழையா என்று எழுதியவருக்கே கடிதம் போட்டாள். பதில் ஒரே வரி: "கையேடு, நாற்பத்திரண்டாம் பக்கம்." வணக்கம் இல்லை, கையெழுத்து இல்லை. அவளுக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கதவுப் பூட்டுக்கான வரி இது: இருபது கூட்டல் பத்து பெருக்கல் மூன்று. மோட்டாரை நிறுத்திய பிறகும் உருளை தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். காலியாக இருந்தால் இருபது விநாடியில் நிற்கும். ஈரத் துணி கொஞ்சம் இருந்தால் பத்து கூடும். முழுச் சுமை என்றால் அந்த மொத்தமே மூன்று மடங்கு வரை போகும், அவ்வளவும் பொறுத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. அநாதையின் கணக்கில் அது தொண்ணூறு விநாடி. வேறு எந்த அசெம்பிளரிடம் கொடுத்தாலும் ஐம்பது. அடைப்புக்குறி போட்டிருந்தால் எங்கே கொடுத்தாலும் தொண்ணூறு வந்திருக்கும். அவள் போடவில்லை. "தெரிஞ்சவங்க படிச்சாப் போதும்" என்பது அவள் கட்சி.

அந்த வருடம் அவள் பிரிவுக்குத் தலைவனாக வந்தவன் அவளுடைய சொந்தத் தங்கையின் கணவன். ஒன்பது வருடத்துக்கு முன் அவனை முதலாளியிடம் அழைத்துப்போய் வேலை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். நன்றாகப் பேசுவான், யார் சொன்னாலும் தலையாட்டுவான், எந்தக் கூட்டத்திலும் முதல் வரிசையில் உட்காருவான். அப்படியே ஆட்டி ஆட்டி மேலே போய்விட்டான். வீட்டில் அக்கா என்பான், அலுவலகத்தில் மேடம் என்பான். இரண்டுமே அவள் காதில் ஒரே மாதிரிதான் விழுந்தன.

வந்த இரண்டாம் வாரமே கூட்டம் போட்டான்.

"நாளைக்கு நீங்க இல்லன்னா இதை யார் மேடம் படிக்கிறது?"

"படிக்கத் தெரிஞ்சவங்க."

"அந்த அநாதையை எழுதின ஆள் செத்துட்டா?"

"நான் அழுதுக்கறேன். உங்களுக்கு என்ன?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அவன் முகம் சிவந்தது. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது என்பது அவளுக்கே தெரியும். அதனால்தான் பொறுக்கவில்லை.

"புது மாடல்லேருந்து எல்லாரும் பயன்படுத்தறதைத்தான் நாமளும் பயன்படுத்தப் போறோம். புதுச் சில்லுல இடம் தாராளமா இருக்கு. நானே மாத்திக்கறேன். நீங்க மூக்கை நுழைச்சா இது ஜென்மத்துக்கும் முடியாது."

"நுழைக்கல. நீங்களே பாருங்க. கையேட்டைப் படிச்சுட்டுப் பண்ணுங்க."

"எந்தக் கையேடு? அந்தாள் வீட்டு மளிகைச் சீட்டா?"

இம்முறை எல்லோரும் சிரித்தார்கள். அவள் நாற்காலியைச் சத்தம் வர இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனாள்.

குடியிருந்ததும் ஒரே கட்டடம். அவள் மூன்றாம் மாடி, தங்கை இரண்டாம் மாடி. மாலையில் தங்கை படிக்கட்டில் காய்கறிப் பையோடு வழிமறித்தாள்.

"அக்கா, ஆபீஸ் சண்டையைப் படியேத்தாதே."

"நான் எங்கடி ஏத்தினேன்? உன் புருஷன்தான் ஏறி என் தலைமேல உக்காந்திருக்கான்."

"அவரு உன்னைப் பத்தி வீட்ல ஒரு வார்த்தை தப்பா பேசுறதில்ல."

"ஆபீஸ்லயே எல்லாத்தையும் பேசித் தீத்துட்டா வீட்டுக்கு என்ன மிஞ்சும்?"

தங்கை பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேலே, மருந்துக்கடையிலிருந்து வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்த கணவர், மனைவி நுழைந்த வேகத்தைப் பார்த்ததும் பூவாளியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். காலையில்தான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார். திரும்பவும் ஊற்றினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பொது அச்சு இயந்திரத்தில் அவள் தன் தாள்களை எடுக்கப் போனாள். அவற்றோடு அவனுடைய தாள்களும் வந்து விழுந்திருந்தன. மாற்றி முடித்த நிரலின் பட்டியல். ஒரு பக்கம் சொற்கள், மறு பக்கம் அவற்றுக்கான எண்கள். பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். பதினான்கு வருடப் பழக்கம், கண் தானாகப் பூட்டு வரிக்குப் போயிற்று. அந்தப் பட்டியல்களில் எண்ணும் முறை வேறு. தொண்ணூறை '5A' என்று காட்டும். அங்கே '32' என்று இருந்தது. அந்த முறையில் அது ஐம்பது.

முதலில் தாளை எடுத்துக்கொண்டு அவனிடம் ஓடத்தான் நினைத்தாள். அடுத்த கணமே வேறொன்று தலைதூக்கியது. அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமை முழுச் சுமைச் சோதனை. முதலாளியும் வருவார், இயந்திரம் வாங்கப்போகும் மருத்துவமனைக்காரர்களும் வருவார்கள் என்று அவன் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இதுவரை காலி உருளையை மட்டுமே ஓட்டிப் பார்த்திருந்தார்கள். காலி உருளை ஐம்பது விநாடிக்குள் நின்றுவிடும், ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை ஐம்பது கிலோ ஈரத் துவாலையோடு உருளை சுற்றிக்கொண்டிருக்கும்போதே பச்சை விளக்கு எரியும். கண்ணாடிக் கதவு வழியாக எல்லோரும் பார்ப்பார்கள். அவன் முகத்தில் ஈயாடாது. அவ்வளவுதான் நடக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் சொல்ல வாய்ப்பு இருந்தது. புதன்கிழமை அவன் அவள் மேசையைத் தாண்டும்போது, "என்ன மேடம், அநாதைக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்றான். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை பிட்டரே வந்தார். "ஊசிம்மா, நாளைக்குப் புது மாடல். உங்க கை படலியாமே? எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றார். "எனக்கு என்ன, அவங்க பாடு" என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். பிற்பாடு அவள் மனம் திரும்பத் திரும்பப் போய் முட்டிக்கொண்டது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சோதனைக் கூடத்தின் வாசலில் போய் நின்றாள். வேடிக்கை பார்க்கத்தான் போனாள், அதை அவள் பின்னாளில் மறைக்கவில்லை. உள்ளே மற்ற மூன்று இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல். புது இயந்திரத்தின் முன்னால் முதலாளி, கோட்டுப் போட்ட இரண்டு மருத்துவமனைக்காரர்கள், நடுவே தங்கை கணவன் கையை வீசி விளக்கிக்கொண்டிருந்தான். பிட்டர் நீலச் சட்டையில் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

மோட்டார் நின்றது. அவள் மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஐம்பதில் பச்சை எரிந்தது. பிட்டர் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் தயங்கினார். குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். நுரையும் ஆவியும் படிந்து உள்ளே எதுவும் தெரியவில்லை. அவள் கணக்கில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஆவியை அவள் எண்ணவே இல்லை.

"பச்சை வந்தாச்சே, என்ன யோசனை? தொறந்து காட்டுங்க," என்றான் தங்கை கணவன்.

"தொறக்காதீங்க!" என்று அவள் கத்தினாள். இரைச்சலில் அவளுடைய குரல் பாதிதான் போய்ச் சேர்ந்தது. பிட்டருக்கு மட்டும் கேட்டது. கை கதவை இழுத்துக்கொண்டிருக்க, முகம் அவளை நோக்கித் திரும்பியது. அந்த நேரத்தில் ஒரு துவாலையின் நுனி வெளியே வீசி அவர் மணிக்கட்டைச் சுற்றி உள்ளே இழுத்தது.

இரண்டு சுற்றுத்தான். யாரோ சிவப்புப் பொத்தானை அடித்தார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை, மோட்டார் ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின.

விசாரணை முதலாளி அறையில் நடந்தது. தங்கை கணவன் அச்சடித்த தாளை மேசைமேல் போட்டான்.

"அடைப்புக்குறி இல்லாம எழுதினது யாரு சார்? பத்து வருஷமா இப்படி வெடிகுண்டு வெச்சிருக்காங்க."

"கையேட்டைப் படிக்காம மாத்தினது யாரு? ரெண்டையும் பக்கத்துல வெச்சு எண்ணுக்கு எண் ஒத்துப் பாத்தியா?"

"புதுச் சில்லுல எல்லா எண்ணும் மாறும். எதை ஒத்துப் பாக்கிறது?"

"பூட்டு நேரம் மாறுமாடா? ஒரு விநாடி புதுச் சில்லுல வேற விநாடியா?"

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவர் சொன்னதும் சரி. அதுவே அவருக்குப் பெரிய தலைவலி. "நீ எப்பக் கண்டுபிடிச்சே?" என்று அவளைக் கேட்டார்.

"அப்புறம்தான் சார். யோசிச்சப்ப."

வாய் கூசாமல் வந்தது. அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிரல் முழுவதையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்து அடைப்புக்குறி போட வேண்டும் என்று உத்தரவாயிற்று. பதினோரு நாள். இருவருக்கும் இடையே எண்களைத் தவிர ஒரு பேச்சில்லை. "நூற்றிப் பன்னிரண்டாம் வரி." "சரி." "நூற்றிப் பதின்மூன்று." "சரி." தண்ணீர் பாட்டிலைக்கூட ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் அவன் ஒரு வரியில் விரலை வைத்து எடுக்காமல் இருந்தான். அலசும் நேரம்: ஐந்து கூட்டல் இரண்டு பெருக்கல் பத்து. அவள் நினைத்தது இருபத்தைந்து விநாடி. அநாதையின் சட்டத்தை அவளே மறந்து எழுதியிருந்தாள். ஆறு வருடமாக இயந்திரங்கள் எழுபது விநாடி அலசிக்கொண்டிருந்தன. "தண்ணியைக் குடிக்குது" என்று எத்தனையோ பேர் புகார் சொல்லியிருக்கிறார்கள். "குழாய்க்காரனைக் கூப்பிடுங்க" என்று அவள் போனை வைத்திருக்கிறாள். அவன் விரலை எடுக்காமல் சிரித்தான். அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பிட்டர் வீட்டுக்குப் போனாள். பழங்கள் வாங்கிப் போயிருந்தாள். அவர் மனைவி வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போனாள். பிட்டர் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை நெஞ்சின்மேல் கிடந்தது.

"எப்படி இருக்கீங்க அண்ணே?"

"இருக்கேன்." அந்தக் கையைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தொறக்காதீங்கன்னு கத்துனீங்களே."

"ஆமா."

"நான் தொறக்கறதுக்கு முன்னாடி கத்துனீங்க. வெளியேருந்து உங்களுக்கு உருளை தெரிஞ்சிருக்காது. பக்கத்துல நின்ன எனக்கே தெரியல. அப்ப எப்படித் தெரியும்?"

பொய் ஒன்று வாய்வரை வந்தது. முதலாளியிடம் வந்த மாதிரி இங்கே வெளியே வரவில்லை.

"செவ்வாய்க்கிழமையே தெரியும்," என்றாள். "பட்டியலைப் பாத்தேன்."

"செவ்வாய்க்கிழமை." அவர் விரல் விடுவதுபோல் இடது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினார். "வியாழக்கிழமை நான் உங்க மேசைக்கு வந்தேன்."

"வந்தீங்க."

"எனக்கு என்னமோ மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

"அண்ணே, உங்களுக்கு ஆகும்னு நான் நினைக்கவே இல்ல. அவன் அசிங்கப்படணும்னுதான்..."

"அவரு அசிங்கப்படறதுக்கு நடுவுல என் கை இருந்ததும்மா."

ஊசிம்மா என்று சொல்லவில்லை, அம்மா என்றார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மனைவி வாசற்படிக்கு வந்து நின்று, பழப் பையைக் கொண்டுவந்து நாற்காலியின் பக்கத்தில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார் பிட்டர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆகும். நீங்களே போய்ச் சொல்லுங்க. சொல்லாட்டியும் உங்க இஷ்டம். இனிமே இங்க வராதீங்க."

பேருந்தில் மடியில் பழப் பையோடு உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தங்கை கணவன்மேல், ஆவிமேல், பையைத் திருப்பிக் கொடுத்த அந்த அம்மாள்மேல். வீட்டுக்கு வந்து பையைக் கணவரிடம் கொடுத்தாள். அவர் பழங்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை முதலாளி அறைக்குப் போனாள். தங்கை கணவனும் இருந்தான். அவன் போகட்டும் என்று காத்திருக்காமல் சொன்னாள். செவ்வாய்க்கிழமை பார்த்தது, கவிழ்த்து வைத்தது, வேடிக்கை பார்க்க வந்து நின்றது, எல்லாம். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். புது மாடலின் நிரல் அவளை விட்டால் முடியாது, மருத்துவமனைக்காரர்கள் தேதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அறிக்கை ஏற்கெனவே எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. இதெல்லாம் அவர் மனதில் ஓடுவது அவளுக்கே தெரிந்தது.

"இதை இந்த ரூமோட விட்டுடுங்க," என்றார் கடைசியில். "ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க."

வெளியே நடையில் தங்கை கணவன் அவளோடு சேர்ந்து நடந்தான். அத்தனை நாளில் முதல் தடவையாக எண்ணில்லாத வார்த்தை பேசினான்.

"செவ்வாய்க்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீ கேட்டிருப்பியா?"

அவன் யோசித்தான். "கேட்டிருக்க மாட்டேன்," என்றான். "ஆனா நீங்க சொல்லியிருக்கணும்."

அன்று சாயந்திரமே தங்கைக்குத் தெரிந்துவிட்டது. மாதக்கணக்கில் தங்கை மூன்றாம் மாடிக்கு வரவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டாள், ஊரார் வீட்டு ஆளுக்கு விடுவதுபோல.

நான்கு மாதம் கழித்துப் பிட்டர் வேலைக்குத் திரும்பினார். சோதனைக் கூடத்துக்கு அல்ல. அந்தக் கையால் ஒரு ஸ்பானரைப் பிடிக்க முடியாது. உதிரிபாகக் கிடங்கில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பலகை, சில்லு, கம்பி எது வேண்டுமானாலும் எல்லோரும் அந்த ஜன்னலில் சீட்டைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஊசி ஒரு வாரம் வேறு ஆளை அனுப்பிப் பார்த்தாள். அடுத்த வாரம் அனுப்ப ஆள் இல்லை. தானே போனாள்.

அவர் சீட்டை வாங்கிப் படித்தார். அலமாரிக்குப் போய், சில்லுகள் இருந்த சின்ன அட்டைப் பெட்டியை இடது கையால் எடுத்துவந்து ஜன்னல் பலகையில் வைத்தார். கையை எடுக்கவில்லை.

"சொல்லிட்டீங்களா?"

"அப்பவே சொல்லிட்டேன்."

"என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"அவரை?"

"அவனையும் ஒண்ணும் பண்ணல."

பிட்டர் தலையை ஆட்டினார். சிரித்ததுபோல் ஒரு சத்தம் மூக்கிலிருந்து வந்தது.

"அப்ப எனக்கு மட்டும்தான்," என்றார். பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடுங்க மேடம். பின்னால ஆள் நிக்குது."

அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். பெட்டியை எடுத்துக்கொண்டு, பின்னால் நின்ற ஆளுக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.